பின்லாந்துக்குப் போன பிடிமண்

லூர்தம்மாள் டீச்சருக்குக் கோபம் வந்தால் கொஞ்ச நேரத்தில் தணிந்துவிடும். பெருமை வந்தால்தான் வம்பு. அது அவ்வளவு லேசில் இறங்காது. இறங்குவதற்குள் ஏதாவது ஒரு காரியத்தில் அவளை இழுத்துவிட்டிருக்கும். பின்லாந்துக்காரர்களுக்கு அவள் எழுதிய முதல் கடிதம் பெருமை ஏறியிருந்த நேரத்தில் எழுதியது.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றாம் வருஷம். ரெட்டியார்சத்திரத்துக்குத் தெற்கே, கத்தரியும் தக்காளியும் காய்த்துக் கிடக்கிற சோலைப்பட்டியில் ஹைஸ்கூல் வந்து நாலைந்து வருஷம்தான் ஆகியிருந்தது. லூர்தம்மாள் அங்கே சயின்ஸ் டீச்சர். திண்டுக்கல் மேட்டுப்பட்டியில் வீடு. காலை பஸ்ஸில் வந்து சாயங்கால பஸ்ஸில் திரும்புகிறவள். வயது முப்பதைத் தொட்டாயிற்று. யாராவது கல்யாணப் பேச்சை எடுத்தால், தாமரைத் தண்டுக்குள் காற்று எப்படிப் போகிறது என்று விளக்க ஆரம்பித்துவிடுவாள். பேச்செடுத்தவர்கள் தாமாகவே எழுந்து போய்விடுவார்கள்.

அந்த வருஷம் மெட்ராஸிலிருந்து ஒரு சங்கம் சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. காடுகளைக் காப்பாற்றுவதற்காக உலகத்துப் பள்ளிக்கூடங்களையெல்லாம் ஜோடி சேர்க்கிறார்களாம். ஒரு நாட்டுப் பள்ளிக்கூடம் இன்னொரு நாட்டுப் பள்ளிக்கூடத்தோடு கடிதம் எழுதிக்கொள்ள வேண்டும், மரவிதை மாற்றிக்கொள்ள வேண்டும், ஒருவர் காட்டை மற்றவர் தெரிந்துகொள்ள வேண்டும். ஹெட்மாஸ்டர் அதைத் தமிழய்யாவிடம் கொடுத்தார். இங்கிலீஷில் இருக்கிறதே என்று தமிழய்யா அதை டிரில் மாஸ்டரிடம் தள்ளினார். ஓடுவது குதிப்பது எதுவும் இல்லையே என்று டிரில் மாஸ்டர் அதைக் கொண்டுவந்து லூர்தம்மாள் மேஜைமேல் வைத்து, காற்றில் பறக்காமலிருக்க ஒரு சாக்பீஸ் பெட்டியையும் மேலே வைத்துவிட்டுப் போனார். இப்படித்தான் சோலைப்பட்டிக்கும் பின்லாந்துக்கும் சம்பந்தம் முடிந்தது.

பின்லாந்து எங்கே இருக்கிறது என்று உலகப் படத்தில் தேடினார்கள். ஹெட்மாஸ்டர் ஆப்பிரிக்காவில் கொஞ்ச நேரம் தேடினார். கடைசியில் எட்டாம் வகுப்புச் சிவனம்மாள்தான் ஸ்டூலில் ஏறி, படத்தின் உச்சியில், ஆணி அடித்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் கண்டுபிடித்தாள்.

அங்கிருந்து முதலில் ஒரு பார்சல் வந்தது. பெரிய பெரிய காகிதங்களில் உலர்ந்த இலைகளை ஒட்டி, ஒவ்வொன்றுக்கும் கீழே அந்த ஊர்ப் பிள்ளைகள் அழகாக எழுதியிருந்தார்கள். ஐனோ என்கிற டீச்சர் இங்கிலீஷில் கடிதம் வைத்திருந்தாள். தங்கள் பிள்ளைகள் ஒவ்வொரு வசந்தத்திலும் காட்டில் மரக்கன்று நடுவார்கள் என்றும், எந்தப் பக்கம் நடந்தாலும் காடுதான் வரும் என்றும் எழுதியிருந்தாள். உங்கள் காடு எப்படிப்பட்டது என்று முடிவில் கேட்டிருந்தாள்.

லூர்தம்மாள் நிமிர்ந்து வகுப்பறை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கத்தரிக்காட்டுக்கு அப்பால், கரும்பச்சையாக, தலையோடு தலை முட்டிக்கொண்டு நிற்கிற ஒரு மரக்கூட்டம் தெரிந்தது. வந்த நாளிலிருந்து தினமும் பார்க்கிற மரக்கூட்டம்தான். ஒருநாளும் கிட்டத்தில் போனதில்லை. பேனாவை எடுத்தாள். "எங்கள் பள்ளியின் ஜன்னலிலிருந்தே பழங்காலக் காடு ஒன்று தெரியும். இதில் கோடாலி பட்டதே இல்லை. இதன் விதைகளை எங்கள் மாணவர்கள் உங்களுக்கு அனுப்புவார்கள்" என்று எழுதி, கீழே கையெழுத்தும் போட்டாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். டீச்சர் பேனாவால் கெட்டாள்.

பதில் சீக்கிரம் வந்தது. உங்கள் பழங்காட்டு விதைகளுக்காக எங்கள் பள்ளித் தோட்டத்தில் ஒரு கண்ணாடி வீட்டையே ஒதுக்கிவிட்டோம், குளிர் தாங்குவதற்கு அதில் அடுப்பும் வைத்துவிட்டோம், பிள்ளைகள் தினமும் தபால்காரரை மறித்துக் கேட்கிறார்கள் என்று ஐனோ எழுதியிருந்தாள். அதைப் படித்துச் சொன்னபோது சோலைப்பட்டிப் பிள்ளைகளுக்கும் ஆசை பற்றிக்கொண்டது. மறுநாளே வகுப்பைக் கூட்டிக்கொண்டு லூர்தம்மாள் அந்த மரக்கூட்டத்துக்குப் போனாள்.

அது சோலை அய்யனார் கோயில் காடு. எல்லையில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் வரிசை. உள்ளே மண்குதிரைகள் இரண்டு, நெடுநெடுவென்று. சுற்றிலும் உசிலையும் குருந்தும் வெப்பாலையும் ஆளை மறைக்கும்படி வளர்ந்து கிடந்தன. பிள்ளைகள் கல் வரிசைக்கு வெளியே செருப்பை விட்டார்கள். செருப்பில்லாத பிள்ளைகள் காலை ஒருமுறை தரையில் தேய்த்துக்கொண்டார்கள். எல்லோரும் செய்கிறார்களே என்று லூர்தம்மாளும் செருப்பைக் கழற்றினாள். உள்ளே குளுகுளுவென்றிருந்தது. உசிலை மரத்தடியில் தட்டையான நெற்றுகள் சருகோடு சருகாகக் கொட்டிக்கிடந்தன. அவள் பாடம் சொல்லிக்கொண்டே நெற்றைப் பொறுக்கி, கைப்பையில் போட்டுக்கொண்டாள். தன்னைத் தவிர வேறு யாரும் பொறுக்கவில்லை என்பதைக் கவனிக்கவில்லை.

திரும்பும்போது கவனித்தாள். கல் வரிசைக்கு வந்ததும் பிள்ளைகள் நின்று, பாவாடையையும் சட்டையையும் உதறினார்கள். ஒருத்தி தலைமுடியில் சிக்கியிருந்த சருகை இன்னொருத்தி எடுத்து உள்ளே போட்டாள். உள்ளங்காலில் ஒட்டியிருந்த மண்ணைக்கூடத் தட்டிவிட்டுத்தான் வெளியே கால் வைத்தார்கள். அதன்பிறகு எல்லோரும் டீச்சரின் கைப்பையைப் பார்த்தார்கள். கடைசியில் சிவனம்மாள்தான் தரையைப் பார்த்துக்கொண்டே, "டீச்சர், இங்கருந்து ஒண்ணும் வெளிய போகக்கூடாது டீச்சர். காஞ்ச குச்சிகூட" என்றாள்.

கீழே கிடந்ததுதானே என்று லூர்தம்மாளுக்கு வாய் வரை வந்தது. பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தாள். அவர்கள் அவளுக்காகப் பயந்துகொண்டிருந்தார்கள். திரும்பிப் போய், பையைக் கவிழ்த்து, ஒரு நெற்று விடாமல் மரத்தடியில் கொட்டினாள். கோடாலி ஏன் படவில்லை என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. கடிதம் எழுதும் முன்னால் புரிந்திருக்கலாம்.

அன்று சாயங்காலம் பஸ்ஸை விட்டுவிட்டு, கோயில் பூசாரி சடையாண்டி வேளாரின் வீட்டுக்குப் போனாள். மண்குதிரை செய்கிறவரும் அவர்தான், பூசை வைக்கிறவரும் அவர்தான். பானை வனைவது வயிற்றுக்கு. சக்கரத்தை நிறுத்திவிட்டு, கையில் மண்ணோடு உட்கார்ந்து முழுவதையும் கேட்டார். தம் அய்யனாருடைய சோலை கடல் தாண்டிய தேசம் வரைக்கும் பேச்சாகிவிட்டது என்று கேட்டதில் அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மீசையைத் தடவி, அதில் களிமண்ணைப் பூசிக்கொண்டார்.

தமக்கு ஆட்சேபம் இல்லை என்றார். ஆனால் தாம் யார் சொல்வதற்கு? சாமியைத்தான் கேட்க வேண்டும். வெள்ளிக்கிழமை பூக்கட்டிப் பார்ப்போம் என்று முடிவாயிற்று.

வெள்ளைப் பூ ஒன்றையும் சிவப்பு அரளி ஒன்றையும் தனித்தனியாக இலையில் வைத்துக் கட்டி, எது எதுவென்று தெரியாமல் குலுக்கிச் சாமிக்கு முன்னால் போட்டார்கள். வெள்ளை என்றால் உத்தரவு, சிவப்பு என்றால் இல்லை. சடையாண்டி சத்தமாகக் கேட்டார், சோலை விதையைப் பிள்ளைகள் எடுத்துக்கொள்ளலாமா என்று. பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையை இறக்கிவிட்டார்கள். அது தவழ்ந்துபோய் ஒரு பொட்டலத்தைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டது. பிடுங்கிப் பிரித்துப் பார்த்தால் சிவப்பு.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பது ஊர் வழக்கு. இங்கே நேர்மாறாகப் போய்விட்டது. பூசாரி கொடுத்துவிட்டார், சாமி கொடுக்கவில்லை. சடையாண்டிக்குத்தான் ரொம்ப வருத்தம். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

லூர்தம்மாள் மன்னிப்புக் கடிதம் எழுத உட்கார்ந்தாள். அன்புள்ள ஐனோ என்று எழுதியதற்குமேல் ஓடவில்லை. வேறு ஏதாவது புளியங்கொட்டையை, வேப்பங்கொட்டையை அனுப்பிவிட்டால் அவர்களுக்கு என்ன தெரியப்போகிறது என்று டிரில் மாஸ்டர் யோசனை சொன்னார். அவர்களுக்குத் தெரியாது, பிள்ளைகளுக்குத் தெரியுமே என்று அவள் சொன்னாள். உலகத்தின் உச்சியில் ஒரு கண்ணாடி வீடு அடுப்பு மூட்டிக்கொண்டு காத்திருப்பதை நினைத்தால் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தன் வாக்கு பொய்யாவதைவிட, சோலைப்பட்டிப் பிள்ளைகளின் வாக்கு பொய்யாவது அவளை உறுத்தியது. அவர்கள் பேரைச் சொல்லித்தானே எழுதினாள்.

நாலு நாள் கழித்து, பள்ளிக்கூடத்துக்குத் தண்ணீர்ப்பானை கொடுக்க மாயம்மாள் வந்தாள். சடையாண்டியின் பெண்சாதி. பானையை இறக்கி வைத்துவிட்டுப் போகாமல், வகுப்பறை வாசலிலேயே நின்றாள். லூர்தம்மாள் உட்காரச் சொன்னாள். பெஞ்சைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"நானும் அன்னைக்கிருந்து ரோசனை பண்ணிக்கிட்டே இருக்கேன் டீச்சர். இவுக கேட்டதே சரியில்ல. எடுத்துக்கிறலாமான்னு கேட்டா எந்தச் சாமி சரிங்கும்? ஒங்க வீட்டுல வந்து ஒருத்தன் எடுத்துக்கிறவான்னு கேட்டா நீங்க என்ன சொல்லுவீக?"

"வேற எப்படிக் கேக்கணும்க்கா?"

"வாரியான்னு கேக்கணும்."

பிறகு அவள் விவரமாகச் சொன்னாள். அய்யனார் இந்த ஊரில் முளைத்தவரில்லை. மாமனாருடைய பாட்டனார் பஞ்சத்தில் கம்பத்துப் பக்கமிருந்து பிழைக்க வந்தபோது, அங்கேயிருந்த கோயில் மண்ணை ஒரு பிடி அள்ளி வேட்டி மடியில் கட்டிக்கொண்டு வந்தார். அந்தப் பிடிமண்ணை இங்கே வைத்துத்தான் சாமி. சாமியைச் சுற்றித்தான் சோலை. குச்சி போகக்கூடாது, சருகு போகக்கூடாது என்பதெல்லாம் சரி. ஆனால் குடி பெயர்ந்து போகிறவர்கள் கேட்டால் பிடிமண் கொடுத்தே ஆக வேண்டும். மண்ணோடு மண்ணாக நாலு விதை கிடந்தால் அது சாமி கூட்டிக்கொண்டு போவது, யாரும் எடுத்தது ஆகாது.

லூர்தம்மாளுக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது. ஆனால் மாயம்மாள் இன்னும் முடிக்கவில்லை.

"பிடிமண்ணுன்னா சும்மா இல்ல டீச்சர். போற எடத்துல சோலை வைக்கணும். செருப்புக் காலோட உள்ள போகக்கூடாது. குச்சி ஒடிக்கக்கூடாது. வருசத்துக்கு ஒருக்காப் பொங்க வச்சு வாரவுகளுக்கெல்லாம் குடுக்கணும். அந்த ஊருப் பிள்ளைக செய்யுமா?"

"செய்வாங்கக்கா."

"செருப்பைக் கழத்துவாகளா?"

லூர்தம்மாள் ஐனோவின் கடிதத்தை நினைத்தாள். வருஷத்தில் பாதி நாள் முழங்கால் வரை பனி கிடக்கும் என்று எழுதியிருந்தாளே. "கழத்துவாங்க" என்றாள்.

"நீங்க சொன்னாச் சரி. ஒங்க வாக்கை நம்பித்தான் சாமியை அனுப்புறோம்" என்று மாயம்மாள் எழுந்துகொண்டாள். ஒரு வாக்கைக் காப்பாற்றப் போய், முன்பின் பார்க்காத பிள்ளைகளின் காலுக்காக இன்னொரு வாக்கைக் கொடுத்துவிட்டோம் என்பது அவள் போன பிறகுதான் லூர்தம்மாளுக்கு உறைத்தது.

ஒருதரம் கேட்டாயிற்று, திருப்பிக் கேட்டால் சாமியைச் சோதிப்பதாகும் என்று சடையாண்டி முரண்டு பிடித்தார். கேட்டது வேறு, கேட்கப்போவது வேறு என்று மாயம்மாள் அடித்துச் சொல்லிவிட்டாள். இந்தமுறை அவளே முன்னால் நின்றாள். மடியிலே வந்தவன் நீ, அங்கேயும் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள், போய்விட்டு வருகிறாயா என்று பக்கத்து வீட்டு ஆளிடம் பேசுவதுபோல் கேட்டாள். அதே குழந்தை, அதே அவசரம். எச்சில் ஒழுகப் பிரித்த பொட்டலத்தில் வெள்ளைப் பூ.

சடையாண்டி உசிலை மரத்தடியில் உட்கார்ந்து ஒரு பிடி அள்ளினார். மண், சருகுத்தூள், நெற்றிலிருந்து உதிர்ந்து கிடந்த விதைகள். அதை மஞ்சள் துணியில் முடிந்து லூர்தம்மாளின் முந்தானையில் போட்டார். செவ்வாய்க்கிழமை தவறாமல் அந்தோனியார் கோயிலுக்குப் போகிறவள் அய்யனாரை மடியில் வாங்கிக்கொண்டாள். பங்குச் சாமியாரிடம் ஒரு வார்த்தை கேட்கலாமா என்று யோசித்தாள். அங்கேயும் சிவப்புப் பூ வந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்காமலே விட்டுவிட்டாள்.

திண்டுக்கல் தபாலாபீஸுக்குச் சடையாண்டியும் கூடவே வந்தார், வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு. உள்ளே என்ன என்று குமாஸ்தா கேட்டார். விதையும் கொஞ்சம் மண்ணும் என்று லூர்தம்மாள் சொன்னாள். சடையாண்டிக்குப் பொறுக்கவில்லை. "மண்ணுன்னு சொல்லாதீக டீச்சர். சாமின்னு சொல்லுங்க" என்றார். குமாஸ்தா அவரை ஒருதரம், பொட்டலத்தை ஒருதரம் பார்த்தார். சாமிக்குத் தனி ரேட் கிடையாது என்று சொல்லி, எடை போட்டு வாங்கிக்கொண்டார். கூட வைத்த கடிதத்தில் லூர்தம்மாள் ஒன்றையும் ஒளிக்கவில்லை. இது எங்கள் ஊர்க் காட்டின் தாய்மண், இதை வாங்கிக்கொள்கிறவர்கள் இன்னின்னதைச் செய்ய வேண்டும் என்று எழுதி, செருப்பு விஷயத்துக்குக் கீழே கோடு போட்டிருந்தாள்.

கப்பலில் போய்க் கப்பலில் வர வேண்டும். கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த பிறகுதான் பதில் வந்தது. லூர்தம்மாள் பஸ்ஸில் வைத்தே பிரித்துப் படித்தாள்.

வேற்று நாட்டு மண்ணில் பூச்சி புழு இருக்கலாம் என்று அங்கே துறைமுகத்தில் அதிகாரிகள் மண்ணைத் தனியாகப் பிரித்து எடுத்துக்கொண்டார்களாம். விதையை மட்டும் கொடுத்தார்களாம். இது வெறும் மண் இல்லை என்று ஐனோ நேரில் போய் வாதாடியிருக்கிறாள். கடைசியில் அவர்கள் அந்த மண்ணை அடுப்பில் வைத்து ஒரு பகல் முழுவதும் சுட்டு, பிறகு திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். விதைகளில் பல அழுகிப்போயின. ஒன்று முளைத்திருக்கிறது. கண்ணாடி வீட்டில், அந்தச் சுட்ட மண்ணைச் சேர்த்த தொட்டியில், விரல் உயரம் நிற்கிறது. சாயங்காலமானால் இலையை மூடிக்கொள்கிறதாம். எங்கள் ஊரில் இப்போது சூரியன் மறைவதே இல்லை, உங்கள் மரம் எப்போது தூங்குவது என்று குழம்பிப்போயிருக்கிறது என்று பிள்ளைகள் எழுதியிருந்தார்கள்.

முளைத்ததைச் சொல்லிவிட்டு, சுட்டதைச் சொல்லாமல் விட்டுவிட்டால் என்ன என்று ஒரு நினைப்பு வந்தது. பஸ் ரெட்டியார்சத்திரம் தாண்டுவதற்குள் அந்த நினைப்பைக் கைவிட்டாள். நேரே வேளார் வீட்டுக்குப் போய், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். சடையாண்டி சூளைக்கு விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். சாமியைச் சுட்டுவிட்டார்கள் என்று கேட்டதும் கையிலிருந்த விறகைக் கீழே வைத்தார். மாயம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சடையாண்டி சூளையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் விறகைத் திரும்ப எடுத்தார்.

"வெந்தா என்ன டீச்சர். அங்க நிக்கிற குதிரைக ரெண்டும் இந்தச் சூளையில வெந்ததுதான். வேகாத மண்ணு மழையில கரைஞ்சு போகும். வெந்ததுதான் நிக்கும்."

லூர்தம்மாளுக்கு உயிர் திரும்பி வந்தது. சந்தோஷத்தில் அந்த ஆளுக்கு ஒரு கும்பிடு போட்டாள். மாயம்மாள் மட்டும், செருப்பைப் பற்றி ஏதாவது எழுதியிருக்கிறார்களா என்று கேட்டாள். கடிதத்தை இரண்டு தரம் புரட்டியாயிற்று. அதில் செருப்பைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

அந்தக் கடிதத்தோடு அவர்களும் தங்கள் காட்டு விதைகளை அனுப்பியிருந்தார்கள், தங்கள் காட்டுச் சட்டத்தையும் சேர்த்து. அவர்கள் ஊரில் காடு யாருக்குச் சொந்தமாக இருந்தாலும், யார் வேண்டுமானாலும் உள்ளே நடக்கலாம். பழம் பறிக்கலாம், காளான் பறிக்கலாம். கேட்க வேண்டியதே இல்லை. உயிருள்ள மரத்தை மட்டும் ஒடிக்கக் கூடாது. எங்கள் விதை வளர்கிற இடத்தில் நீங்களும் இந்தச் சட்டத்தை வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். சோலைப்பட்டியில் இது பெரிய பேச்சாகிவிட்டது. யார் வேண்டுமானாலும் பறிக்கலாம் என்றால் அது என்ன காடு, யார் காவல் என்று சாவடியில் இரண்டு நாள் இதே சர்ச்சை. கேட்காமல் அள்ளிக்கொடுக்கிற சாமியும் உலகத்தில் உண்டுதானே என்று மாயம்மாள் சொன்ன பிறகுதான் அடங்கியது.

அந்த விதைகளைக் கார்த்திகைக் குளிரில் பள்ளிக்கூடத்து நிழலில் போட்டார்கள். ஊசி ஊசியாக முளைத்து, பிள்ளைகளைச் சந்தோஷப்படுத்திவிட்டு, மாசி வெயிலுக்கு முன்னாலேயே கருகிவிட்டன. பிள்ளைகள் கருகிய தொட்டியைச் சுற்றி நின்றார்கள். லூர்தம்மாள் தட்பவெப்பம் பற்றி ஒரு பாடம் நடத்திப் பார்த்தாள். யாருக்கும் அது ஆறுதலாக இல்லை.

ஆறுதல் சிவனம்மாளிடமிருந்து வந்தது. விதைதானே செத்தது, சட்டம் சாகவில்லையே என்றாள். அடுத்த வனமகோத்ஸவத்தின்போது, கோயில் காட்டுக் கல் வரிசைக்கு வெளியே, யாருக்கும் ஆகாத புறம்போக்கில் பிள்ளைகள் நாவலும் இலந்தையும் கொடுக்காப்புளியும் நட்டார்கள். உள்ளே இருப்பதை யாரும் தொடக் கூடாது, வெளியே இருப்பதை யார் வேண்டுமானாலும் தின்னலாம் என்று ஏற்பாடு. தின்பதற்கு இன்னும் பல வருஷம் ஆகும் என்றாலும், பங்கு எல்லோருக்கும் உண்டு என்பதால் தண்ணீர் ஊற்றவும் எல்லோரும் வந்தார்கள். ஆடு மேய்க்கிறவர்கள்கூட அந்தப் பக்கம் ஆட்டை விடவில்லை.

இத்தனைக்கும் நடுவே மாயம்மாள் பானை கொண்டுவரும்போதெல்லாம் ஒரே கேள்விதான். செருப்பைப் பற்றி எழுதினார்களா? இல்லை என்று லூர்தம்மாள் சொல்வாள். மாயம்மாள் ஒரு "ம்" போட்டுவிட்டுப் போய்விடுவாள். அந்த "ம்" லூர்தம்மாளுக்கு அன்று முழுவதும் காதில் கிடக்கும். ஐனோவிடம் நேராகக் கேட்டு எழுதலாம். ஆனால் கேட்டால் சந்தேகப்பட்டதாக ஆகிவிடும். இல்லை என்று பதில் வந்தால் அதைக் கொண்டுபோய் எந்த முகத்தோடு சொல்வது? ஊராருடைய சாமியைத் தன் ஒரு சொல்லுக்காக அனுப்பியிருக்கிறாள். வேறு மதத்துக்காரி என்று ஒருவரும் ஒரு பேச்சுப் பேசவில்லை. பேசாததுதான் பாரமாக இருந்தது.

அறுபத்து நான்காம் வருஷம் தைமாதம் பிறந்து, பொங்கலுக்கு மறுவாரம் ஒரு கனத்த உறை வந்தது. உள்ளே அட்டையில் வைத்துக் கட்டிய ஒரு பெரிய போட்டோ. லூர்தம்மாள் ஸ்டாஃப் ரூமில் பிரிக்கவில்லை. வகுப்பைக் கூட்டிக்கொண்டு வேளார் வீட்டுக்கே போனாள். எப்படியும் ஒருநாள் தெரியத்தானே போகிறது, எல்லோர் முன்னாலும் தெரியட்டும் என்றிருந்தது அவளுக்கு.

முதலில் கடிதத்தைப் படித்தாள். பொங்கல் வைத்தோம் என்று எழுதியிருந்தாள் ஐனோ. எங்களுக்கும் பாலில் அரிசி வேகவைத்துச் செய்கிற சோறு உண்டு, கிறிஸ்துமஸுக்குச் செய்வோம், அதையே இந்தமுறை மரத்தின் முன்னால் வைத்துச் செய்து, தெருவில் போன எல்லோரையும் கூப்பிட்டுக் கொடுத்தோம், தபால்காரர் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார் என்று இருந்தது. பொங்கி வழிந்ததா என்று மாயம்மாள் கேட்டாள். அடுப்பெல்லாம் வழிந்து பெரிய புகை என்று எழுதியிருக்கிறார்கள் என்று லூர்தம்மாள் சொன்னாள். அப்படியென்றால் சரி என்று மாயம்மாள் தலையாட்டினாள்.

போட்டோவை எடுத்தார்கள். கறுப்பு வெள்ளைப் படம். வெள்ளைதான் அதிகம். கூரை வெள்ளை, தரை வெள்ளை, மரக்கிளையெல்லாம் வெள்ளை. நடுவில் ஒரு கண்ணாடி வீடு. கண்ணாடிக்குள்ளே கம்பளிச் சட்டை போட்ட பிள்ளைகள் நெருக்கியடித்து நின்றார்கள், இடுப்பு உயர உசிலங்கன்றைச் சுற்றி. சோலைப்பட்டிப் பிள்ளைகள் எல்லோரும் மரத்தைப் பார்த்தார்கள். எம்புட்டு இலை பார் என்றார்கள். சடையாண்டி தொட்டியைப் பார்த்தார், அதை வனைந்தவன் கை சுத்தமில்லாதவன் என்றார்.

மாயம்மாள் படத்தின் கீழ்ப்பக்கத்தைப் பார்த்தாள். லூர்தம்மாள் அவள் முகத்தைப் பார்த்தாள்.

கண்ணாடி வீட்டு வாசலுக்கு வெளியே, பனியின்மேல், முழங்கால் உயரத் தோல் பூட்சுகள் வரிசையாக நின்றன. பெரியது, சிறியது, ஒன்று சாய்ந்து விழுந்து கிடந்தது. கண்ணாடிக்கு உள்ளே, முன் வரிசைப் பிள்ளைகளின் பாதங்கள் வெறும் பாதங்களாக இருந்தன. வயதான பெண்ணொருத்தி ஓரத்தில் நின்றாள். ஐனோவாக இருக்க வேண்டும். அவள் காலிலும் ஒன்றுமில்லை.

லூர்தம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அவள் அதை மறைக்கவில்லை. யார் என்றே தெரியாத பிள்ளைகள், அவள் போட்ட ஒரு கோட்டை மதித்து, அந்தக் குளிரில் தினமும் பூட்சைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள். எழுதிக் காட்ட வேண்டும் என்றுகூட அவர்களுக்குத் தோன்றவில்லை.

மாயம்மாள் வெகுநேரம் படத்தை வைத்துக்கொண்டிருந்தாள். முன் வரிசையில் ஒரு சின்னப் பையன் ஒரு காலின்மேல் இன்னொரு காலை வைத்துக்கொண்டு நின்றான். அவள் அந்த இடத்தில் கட்டைவிரலை வைத்து, சூடு ஏற்றுவதுபோல மெல்லத் தேய்த்தாள்.

"பாவம், பிள்ளைக காலு சில்லிட்டுப் போயிருக்கும். அடுத்த கடுதாசியில எழுதிருங்க டீச்சர், காலுக்குக் கம்பளி உறை மாட்டிக்கிறட்டும்னு. சாமி ஒண்ணும் சொல்லாது."

சடையாண்டி திடுக்கிட்டுத் திரும்பினார். பரம்பரைச் சட்டத்தை நின்ற நிலையில் மாற்றினால் எப்படி, பூக்கட்டிப் பார்க்க வேண்டாமா என்று கேட்டார்.

"இதுக்கு எதுக்குப் பூவு. பிள்ளைக காலு" என்றாள் மாயம்மாள்.

லூர்தம்மாள் அங்கேயே, சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சிவனம்மாளிடம் பேனா வாங்கி அதை எழுதினாள். அன்று சாயங்கால பஸ்ஸும் போய்விட்டது. மாயம்மாள் கத்தரிக்காய் வெஞ்சனம் வைத்துச் சோறு போட்டாள்.